தேங்காய்க்குப் போனவர்கள்

கடைசிப் படப்பிடிப்பு அன்று காலை ஏழரை மணிக்கு நான் வேலணையில் நாங்கள் படம் எடுக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேரிஜோசப்பீன் அக்கா முற்றத்தை இரண்டாம் தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை கூட்டிய குப்பை மாமரத்தடியில் குவிந்து கிடந்தது.

“ரெண்டு பேர் நடிக்கிற காட்சிக்கு உந்தளவு முத்தம் கூட்டவேணுமே அக்கா?” என்று கேட்டேன்.

“சும்மா இருக்க ஏலாது மாஸ்டர்” என்றார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவர் சும்மா இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் ‘கூழ்ப்பானை’ நகைச்சுவைத் தொடரில் ஒன்பது வருடம் அம்மாவாக நடித்தவர். கமராக்காரன் சுதனுக்கு அந்த ஒன்பது வருடமும் தலைவலி அவர்தான். சாப்பிட்ட கோப்பைகள் மேசையில் கிடக்கவேண்டும் என்றால், சுதன் கமராவைத் திருப்பி வைப்பதற்குள் அவை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். பையன் அழுக்குச் சேட்டோடு வரவேண்டும் என்றால் சேட்டு கொடியில் ஈரமாகத் தொங்கும். பார்ப்பவர்கள் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நாங்களும் வேண்டுமென்றே செய்ததுபோல் இருந்துவிட்டோம்.

எழுதியது நான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன்; சனிக்கிழமைகளில் இந்தக் கூத்து. உள்ளூர்க் கேபிளிலும் யூடியூப்பிலும் ஞாயிறு தோறும் போகும். பிலிப்பு அண்ணை அப்பா, நிலக்சனா மகள், டிலோன் கடைக்குட்டி. நாடகத்திலும் அவரவர் சொந்தப் பெயர்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தோம். அக்கா ஒருநாளும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

அவரை நாங்கள் பிடித்தது சாட்டிக் கடற்கரையில். முதல் பகுதி எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மாவாக நடிக்க வந்த எங்கள் பள்ளிக்கூட ரீச்சர் வெயிலுக்குப் பயந்து கால் மணிக்கு ஒருதரம் முகம் கழுவினார். மண்டைதீவுக் கோயில் ஆட்களோடு பயணம் வந்திருந்த இந்த மனுசியின் சோற்றுச் சட்டிக்குள் மணல் விழும்படி சுதன் கமராவோடு ஓடினான். மனுசி அவனைப் பத்து நிமிடம் நிற்கவைத்து ஏசினார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒருதரம் சொன்ன வசவு திரும்ப வரவும் இல்லை. ரீச்சரை அன்றே வீட்டுக்கு அனுப்பினேன். அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

ஆனால் முதல் நாளே அக்காவோடும் தகராறு. வெளியே கிளம்பும் கணவனைப் பார்த்து, ‘எங்க போறியள்?’ என்று கேட்பதாக எழுதியிருந்தேன். அக்கா தாளைக் கதிரையில் வைத்துவிட்டார்.

“உதை என்ர வாயால கேக்க ஏலாது மாஸ்டர். கடலுக்குப் போற ஆக்களின்ர வீட்டில, வெளிக்கிடேக்க எங்க போறாயெண்டு கேக்கிறேல்லை. கேட்டால் போற காரியம் சரிவராது.”

“இவர் கடலுக்குப் போகேல்லை அக்கா. தபால் கந்தோருக்குப் போறார்.”

“எங்க போனாலும் போறதுதானே.”

“அப்ப உங்கட வீட்டில என்னதான் சொல்லுவியள்?”

“வரேக்க ஒரு தேங்காய் கொண்டு வாங்கோ எண்டு சொல்லுவம். ஒரு சாமான் சொல்லிவிட்டால் ஆள் திரும்பி வரத்தானே வேணும்.”

எரிச்சலோடுதான் மாற்றினேன். அந்த ஒரு வரியால்தான் தொடர் ஓடியது. அப்பா சீட்டாடப் போனாலும், மகள் ரியூசனுக்குப் போனாலும், டிலோன் அடி வாங்கி ஓடினாலும், பின்னால் அக்காவின் குரல் வரும்: “வரேக்க ஒரு தேங்காய் கொண்டு வா!” ரொறன்ரோவில் கலியாண வீடுகளில் ஆளுக்காள் அதைச் சொல்லித்தான் விடைபெறுகிறார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. வரி என்னுடையதில்லை என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது எல்லோரும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள், நல்லாகப் போன தொடரை ஏன் நிறுத்தினீர்கள் என்று. மாஸ்டருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் யூடியூப்பில் எழுதியிருந்தார். வாசித்துவிட்டு அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். சரக்குத் தீரவில்லை. குடும்பத் தொடருக்கு ஒரேயொரு விதிதான் இருக்கிறது. எவ்வளவு சண்டை பிடித்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் அந்த மேசைக்கு வரவேண்டும். எங்களுக்கு ஆட்கள்தான் தீர்ந்தார்கள்.

ஆறாம் வருடம் பிலிப்பு அண்ணை மகளோடு இருக்க நோர்வேக்குப் போனார். நாடகத்திலும் அப்படியே வைப்போம் என்றேன். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“இந்த வீட்டில இருந்து ஒருத்தரும் வெளிநாட்டுக்குப் போறேல்லை. வேறை என்னவும் எழுதுங்கோ.”

அதனால் பிலிப்பு அண்ணை தேங்காய் வாங்கப் போய்விட்டார் என்று எழுதினேன். பதினான்கு மாதம் அவர் தேங்காய்க்குப் போனபடியே இருந்தார். பிறகு நிலக்சனா கலியாணம் முடித்து சுவிசுக்குப் போக, அப்பாவையும் தேங்காயையும் தேடிப் போயிருக்கிறாள் என்றேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கொஞ்சம் குறைவாகச் சிரித்தது. பதினொரு வயதில் டிலோன் மாங்காய் களவெடுத்தது பகிடி. தாடி வளர்த்த இருபது வயதுக்காரன் களவெடுத்தால் பொலிசுக்குத்தான் சொல்லவேண்டும்.

போன பங்குனியில் டிலோனுக்குக் கனடாவுக்குப் படிக்கப் போக விசா வந்தது. இனி இழுக்க முடியாது, கடைசிப் பகுதியில் உண்மையைச் சொல்லி முடிப்போம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அக்கா என்னைவிடப் பிடிவாதம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். “என்ன அக்கா இது? ஊரே போகுது, நாடகத்தில போனால் மட்டும் என்ன வந்தது?”

அவர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார். அவருக்கு ஜெகதீஸ் என்று ஒரே மகன். தொடர் தொடங்குவதற்கு முந்தின வருடம், விடியற்காலை, அவன் தோளில் ஒரு பையோடு படலையைத் திறந்தான். அது கடலுக்குப் போகிறவன் கொண்டுபோகிற பை இல்லை என்பதை அக்கா கண்டுகொண்டார். கேள்வி வாய்வரைக்கும் வந்ததாம். வழக்கத்துக்காக விழுங்கிவிட்டு, “வரேக்க ஒரு தேங்காய் கொண்டு வா” என்றார். “ஓம் அம்மா” என்றான். ஏழு மாதத்துக்குப் பிறகு பிரான்சிலிருந்து ரெலிபோன் எடுத்தான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. இங்கே வரவும் முடியாது.

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் மாஸ்டர். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான்தான் கேக்கேல்லை.”

அதற்குப் பிறகுதான் வீட்டில் இருக்கமுடியாமல் கரையில் நண்டு உடைக்கிற வாடிக் கொட்டிலுக்கு வேலைக்குப் போனார், கோயில் பயணங்களுக்குப் போனார், எங்களிடம் வந்தார். கோப்பை கழுவியதும் முற்றம் கூட்டியதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆகவே கடைசிக் காட்சியை மாற்றி எழுதினேன். டிலோன் பையோடு வருவான். அம்மா வழக்கமான வரியைச் சொல்லுவார். அவன் “ஓம் அம்மா” என்று சொல்லிவிட்டுப் படலையால் போவான். கனடா என்ற சொல்லே இல்லை. இதற்கு அக்காவும் சம்மதித்தார்.

அந்தக் கடைசிக் காலையில் சுதன் கமராவை ஓடவிட்டான். டிலோன் பையைத் தூக்கினான். அது அவனுடைய உண்மையான பயணப் பை. வியாழக்கிழமை கொண்டுபோக வாங்கியது, விலைத்துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். வரியைச் சொல்லவில்லை. கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரோடு சாத்திவிட்டு இரண்டடி முன்னுக்கு வந்தார்.

“எங்க போறாய்?”

ஒன்பது வருடத்தில் முதல்தடவை. டிலோன் என்னைப் பார்த்தான். அவனுக்கு எழுதியிருந்த பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. சுதன் நிறுத்தப் போனான். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

“கனடாவுக்கு அம்மா” என்றான் டிலோன். “வியாழக்கிழமை.”

“எப்ப வருவாய்?”

“தெரியேல்லை அம்மா.” அவன் அழுதுகொண்டிருந்தான். அது நடிப்பில்லை.

அக்கா அந்த விலைத்துண்டைப் பிய்த்தெடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். அவன் தலையைத் தடவினார்.

“சரி ராசா. தேங்காய் வேண்டாம். நீ கவனமாப் போ.”

பிறகு படியில் இருந்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் துடைக்காமல், படலையைப் பார்த்தபடி இருந்தார். சுதன் நிறுத்த மறந்து நாலு நிமிடம் எடுத்தான். நான் ஒரு விநாடிகூட வெட்டவில்லை. அதோடு தொடர் முடிந்தது. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காதவரைதான் எங்கள் பகிடி எல்லாம். கேட்ட பிறகு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு அது ஒளிபரப்பானது. வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டைதீவில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஞாயிறுகளில் ஜெகதீஸ் தொடரைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு ரெலிபோன் எடுப்பானாம், அன்று ஐந்தாகியும் எடுக்கவில்லை. அக்கா குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு தேத்தண்ணி தந்து, நான் குடிக்குமுன் கோப்பையை வாங்கிக் கழுவிவிட்டார்.

“கோவிச்சுப்போட்டான் மாஸ்டர். ஊரான் பிள்ளையைக் கேட்டன், அவனைக் கேக்கேல்லை.”

“அப்பிடி இல்லை அக்கா” என்றேன்.

ஐந்தரைக்கு ரெலிபோன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் அக்கா அதை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, பாத்தனான்.”

“ஓம் தம்பி.”

“டிலோனுக்குத் தேங்காய் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள்.”

“ஓம்.”

“எனக்கும் அப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா. எனக்கு நீங்கள் சொன்னது அப்பிடியே இருக்கட்டும்.”

அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு ரெலிபோனைத் தூக்கினார்.

“எங்க நிக்கிறாய் இப்ப?” என்று கேட்டார்.

“வேலைக்கு வெளிக்கிடுறன் அம்மா.”

“சரி. வரேக்க ஒரு தேங்காய் கொண்டு வா.”