கனகலக்ஷ்மி டீச்சரின் பொட்டு

மைசூர் அக்ரஹாரத்தில் கனகலக்ஷ்மி டீச்சர் என்றால் முகத்துக்கு முன்னால் பொட்டுதான் ஞாபகம் வரும். எட்டணா அகலத்துக்குக் குங்குமம். இந்த வயதில் இத்தனை பெரிசு எதற்கு என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன தெரியும்? தொண்ணூற்று நாலாம் வருஷம் தசரா லீவு வரைக்கும் அந்த நெற்றியில் இருந்தது மிளகளவு பொட்டுதான்.

அவள் ஹைஸ்கூலில் பாட்டு டீச்சர். வீட்டுக்காரர் கணபதிராமன் ரயில்வே கார்டு. சாமராஜநகர் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பவர். சகுனம், சாஸ்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், "ராகுகாலத்துல நான் கொடி காட்டலேன்னா வண்டி எப்படி ஓய் கிளம்பும்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்த வருஷம் கன்னட டிவி சீரியல் எடுக்க ஒரு கூட்டம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரு ஹைஸ்கூல் பாட்டுக் குழுவின் கதை. வாரம் ஒரு சம்பவம், ஒரு பாட்டு. பாடுவதற்குப் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். டைரக்டர் ஸ்ரீகுமார் கனகலக்ஷ்மியையும் விடவில்லை, சாரதா டீச்சர் என்று பேர் வைத்து நடிக்க நிறுத்திவிட்டான். ஆறு வாரம் ஜோராகப் போயிற்று. பூக்காரி கௌரம்மா கூட "சாரதா டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். நம்மவளுக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது.

ஏழாவது வாரத்துப் பாட்டைப் பத்து நாள் முன்பே கொடுத்திருந்தார்கள். பிரிவுப் பாட்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடைபெறுவதற்கு என்று நினைத்து அவளே உருகி உருகிச் சொல்லிக்கொடுத்தாள். கதை என்னவென்று அந்தப் புண்ணியவான் சொன்னது படம் எடுக்கிற அன்று காலையில்தான். சாரதா டீச்சரின் புருஷன் விபத்தில் செத்துப்போகிறார். துக்கம் கழிந்து டீச்சர் பள்ளிக்கூடம் வருகிறாள். என்ன பேசுவது என்று தெரியாத பிள்ளைகள் அவளுக்காகப் பாடுகிறார்கள். கடைசி அடியில் அவளும் சேர்ந்துகொள்ள வேண்டும். நெற்றியில் பொட்டு இருக்கக் கூடாது, கழுத்தில் தாலி தெரியக் கூடாது.

கனகலக்ஷ்மி தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள். "என்னால முடியாது சார். எங்காத்துக்காரர் இப்போ வண்டியில இருக்கார்."

"டீச்சர், இது வெறும் ஆக்டிங் அல்லவா? அங்க நோடி, பாருங்கோ, பிள்ளைகளெல்லாம் காத்துண்டிருக்கா," என்று ஸ்ரீகுமார் தனக்குத் தெரிந்த, கன்னடம் கலந்த மைசூர்த் தமிழில் கெஞ்சினான்.

ஹாலில் நாற்பது பிள்ளைகள் லீவு நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றார்கள். முதல் அடியைத் தனியாகப் பாட வேண்டிய பல்லவி, பயத்தில் ரிப்பனை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போக முடியவில்லை.

தாலியைக் கழற்ற மாட்டேன் என்று மட்டும் பிடிவாதமாகச் சொல்லி, அதற்குக் குங்குமம் வைத்து ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று பொட்டை அழித்தாள்.

அழுகைதான் வரவில்லை. கிளிசரின் போட்டார்கள், கண் எரிந்ததுதான் மிச்சம். "யாரையாவது நினைச்சுக்கோங்க டீச்சர். ரொம்ப வேண்டியவாளை," என்றான் ஸ்ரீகுமார். செத்துப்போன அப்பாவை நினைத்தாள். எண்பத்தைந்து வயது வரை நன்றாக இருந்து போன மனுஷர், அவருக்காக அழ வரவில்லை. மத்தியானம் மூன்றாவது தடவையாகப் பல்லவி பாட்டை எடுத்தபோது, கூப்பிடாமலே கணபதிராமன் நினைப்பு வந்தது. கடைசிப் பெட்டி காலியாக இருக்கிறது, பச்சைக் கொடி தரையில் கிடக்கிறது. அவ்வளவுதான், நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதாள். பாட்டின் கடைசி அடி பாதிதான் வந்தது. பிள்ளைகளும் அழுதார்கள். ஸ்ரீகுமார் கைதட்டினான்.

பொட்டை அழித்ததையாவது சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அவரை மனசால் சாகடித்ததை எங்கே போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்து பொட்டு இட்டுக்கொண்டவளுக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூட மனம் வரவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஐந்து மணிக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. நஞ்சன்கூட்டில் நிறுத்தியிருக்கிறார்களாம், ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. மைக் கரகரத்தபோதெல்லாம் அவளுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. ஏழு மணிக்கு வண்டி நுழைந்ததும் பெட்டிகளை விட்டுவிட்டுக் கடைசி விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

கணபதிராமன் நொண்டிக்கொண்டு இறங்கினார். பேண்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. "கதவு இடிச்சுடுத்து. நீ எங்கே இங்கே?" என்றார்.

"சும்மாத்தான். காய் வாங்க வந்தேன்," என்றாள் அவள், கையில் பை கூட இல்லாமல்.

சீரியலில் வந்த கதையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அது ஒளிபரப்பான சாயங்காலம், கரண்ட் போக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். போகவில்லை. அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஓய்வு நாள். கோடுபளை முறுக்குத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்.

சாரதா டீச்சரின் புருஷன் செத்துப்போனதும், "பேஷ், எல்லாருமா என்னை முடிச்சுட்டேளா?" என்று சிரித்தார். பாட்டு ஆரம்பித்தது. வெறும் நெற்றியோடு அவள் அழுதாள். அவருடைய வாய் மெல்லுவதை நிறுத்தியது. ஆனால் அவர் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பின்னால் ஹால் சுவரில் இருந்த கடிகாரத்தை.

"அந்தக் கடிகாரம் சரியா ஓடுமா?"

"பியூன் சந்திரன் தினமும் ரேடியோவைக் கேட்டு முள்ளைத் திருப்பி வைக்கறார். அதைப் பாத்துத்தான் மணி அடிக்கறது. ஏன்னா?"

"மூணு பத்து." அவர் தட்டைக் கீழே வைத்தார். "என்னிக்கு எடுத்தா இதை?"

"ஸ்டேஷனுக்கு வந்தேனே, அன்னிக்கு."

"யாரை நினைச்சுண்டு இப்படி அழுதே?"

அப்பாவை என்று சொல்லத்தான் தயாராக இருந்தாள். "உங்களைத்தான்," என்று வந்துவிட்டது.

அவர் முழங்காலைத் தடவினார். "கதவு இடிக்கலை. கவலந்தே ஸ்டேஷன்ல கொடி காட்டிட்டு, நகர்ற வண்டியில ஏறினேன். கால் வழுக்கிடுத்து. கம்பியைப் பிடிச்சுண்டு தொங்கினேன், கால் சக்கரத்துக்கிட்ட போயிடுத்து. நீ பயப்படுவேன்னு சொல்லலை." "கிளம்பின நேரம் என் நோட்டுல இருக்கு. மூணு பத்து."

டிவியில் பிள்ளைகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். கனகலக்ஷ்மி எழுந்துபோய் சாமி அலமாரி முன்னால் நின்று, இருந்த பொட்டின் மேலேயே குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

கணபதிராமன் நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தார்.

"போறாது," என்றார். "இன்னும் கொஞ்சம் பெரிசா இட்டுக்கோ."