போனில் எல்லாம் உண்டு

நேற்றுக் காலை குடும்பக் குழுவில் யாரோ ஓர் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டிருந்தார்கள். 'இலவசமாகத் தமிழ் படிக்கலாம், எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று மேலே ஒரு வரி. இப்படி வருவதை நான் திறப்பதே இல்லை. வாழைத்தண்டுச் சாறு, சிறுநீரகக்கல் வகையறாவோடு சேர்த்துத் தள்ளிவிடுவேன். இதை என்னவோ தொட்டுவிட்டேன். ஷைனி டீச்சரின் குரல்! பின்னால் தகரத்தில் மழை. அதற்கும் பின்னால் ஒருவர் பலமாகத் தும்மினார். தும்மியது நான்.

அந்தத் தகரம், கேரள எல்லையில் பாறசாலையில் நான் வேலைபார்த்த போட்டோஸ்டாட் கடையின் கூரை. சூடான தாளின் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. அதோடு ரப்பர் ஷீட்டின் நாற்றமும். வெள்ளறடையில் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலேதான் ஷீட்டைக் காயப்போடுவோம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீச்சர் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம், அதுவும் காரணமாயிருக்கலாம்.

ஷைனி டீச்சர் பக்கத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனின், அதாவது தமிழில் படிக்கிற வகுப்பின், ஒரே டீச்சர். தனுவச்சபுரத்துக்காரர், என் வயதுதான். எங்கள் பக்கத்தில் பலருக்கும் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் எழுத்து மலையாளம். தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் குறைவு. பள்ளி திறந்து ஆறாவது நாள் பிள்ளைகளை எண்ணுவார்கள். குறைந்தால் டிவிஷன் போய்விடும், டீச்சரும் ஊரைவிட்டுப் போகவேண்டும். அதற்காக விடுமுறை முழுக்கக் குடையும் கையுமாக வீடுவீடாகப் பிள்ளை பிடிக்கப் போவார்.

அந்த அலைச்சலில்தான் இணையத்தில் பாடம் போடும் யோசனை வந்தது. பெற்றோர் நாலு எழுத்துப் படித்து ருசி கண்டால், பிள்ளையைத் தமிழில் சேர்ப்பார்கள் என்று நம்பினார். எழுத்துப் பயிற்சித் தாள், சின்னச் சின்னக் கதைகள், அவற்றை வாசித்த குரல், எல்லாம் இலவசம். அவர் எழுதிவந்து கடையில் உட்கார்ந்து வாசிப்பார், நான் பதிவுசெய்து, தட்டச்சு செய்து ஏற்றுவேன். ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் ஆட்டோ ஓட்டுகிற விஜயன் அண்ணன்தான் வழி சொன்னார்.

"டீச்சரே, தமிழ் எழுத்து கண்டா எனக்கு தலை சுத்துது. கீழ மலையாளத்துல எழுதித் தாருங்க, டக்குன்னு வாசிப்பேன்."

டீச்சர் ஒவ்வொரு தமிழ் வரிக்கும் கீழே அதே தமிழை மலையாள எழுத்தில் எழுதினார். கொஞ்ச நாளைக்குத்தான், பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். பிடித்துக்கொண்டது பாருங்கள்! காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்கள் கதை வாசித்தார்கள். கடற்கரையில் வலை சரிசெய்கிறவர்கள் பாடம் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம பாடம் பாத்தியளா?" என்று கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அந்த மே மாதம் விஜயன் அண்ணன் வீட்டுக்கு டீச்சரோடு நானும் போனேன். அவர் மகள் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்து உபசரித்தார்கள்.

"மோள இங்கிலீஷ் மீடியத்துல சேத்தாச்சு. தமிழுக்குத்தான் டீச்சருக்க பாடம் போன்ல உண்டல்லா! நானே வாசிச்சுக் குடுப்பேன். பின்ன எதுக்கு அதுக்குன்னு ஒரு கிளாஸ்?"

பாராட்டாகத்தான் சொன்னார். டீச்சர், "நல்லதாக்கும்" என்றார். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பதில்தான். திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அந்த மலையாள வரிய எடுத்துருவோமா டீச்சர்?"

"வேண்டாம் மக்கா. அதயும் எடுத்தா, கதை வாசிக்கியதும் நின்னுபோவும்."

ஆறாவது நாள் எண்ணினார்கள். டிவிஷன் போயிற்று. வகுப்பறையில் மதியச் சோற்றுக்கான அரிசிச் சாக்குகளை அடுக்கினார்கள். சாலை அகலமானபோது எங்கள் கடையும் போனது. அதெல்லாம் போகட்டும். டீச்சர் வடக்கே தூரத்து மாவட்டத்துக்கு மாற்றலாகி ரயிலேறிய நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் அவர் போனுக்கு வாழ்த்துகள் வந்து குவிந்தன. 'டீச்சர் போவது சங்கடமாக்கும்', 'எங்கள மறக்காதுங்க'. எல்லாம் எங்கள் ஊர்த் தமிழ், எல்லாம் மலையாள எழுத்தில். டீச்சர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். தமிழ் எழுத்தில் ஒன்று கண்டதும் விரல் நின்றது. அது நான் அனுப்பியது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் தள்ளத் தொடங்கினார். இன்னொன்று கிடைக்குமுன் வண்டி வந்துவிட்டது.