ஜுனைட் கேட்ட கடிதம்

ஜுனைட் என் மனைவி முனவ்வறாவின் காக்கா, அதாவது அண்ணன்; எனக்கு மச்சான். வயது நாற்பது. கல்முனை பஸாரில் மீராசா ஹாஜியாரின் ஹாட்வெயார் கடையில் பதினேழு வருடமாக வேலை செய்கிறார். எந்த ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். யாராவது வந்து "இந்தப் பைப் நல்லமா?" என்று கேட்டால், நல்லதில்லாவிட்டால் நல்லதில்லை என்றே சொல்லிவிடுவார். அதனால் ஹாஜியார் அவரைப் பின்பக்கத்து ஸ்டோரில் வைத்திருக்கிறார். மச்சானுக்கும் அதுதான் விருப்பம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் போய் இருக்க வேண்டும். நானும் மாமி ஹவ்வா உம்மா தன் மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். மனைவி வேண்டாம் என்றுவிட்டால் ஆணுக்கு ஒண்ட இடமில்லை. போன வருடம் மச்சானின் உடுப்புகள் இரண்டு பைகளில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து முன் அறையில் படுக்கிறார். ஃபேன் சத்தம் தலைக்குள் போகிறது என்று நிறுத்திவிடுவார். நாங்கள் வியர்வையில் குளிப்போம். எனக்கு எரிச்சல் வராமல் இல்லை.

காரணம் இதுதான். அவர் மனைவி றஸ்னாவின் வாப்பா மௌத்தானார். வீடு நிறைய ஆட்கள், அழுகை, கதிரை இழுக்கும் சத்தம். மருமகன் என்று முன்னால் நிற்க வேண்டியவர் அரை மணி நேரம் நின்றார், பிறகு ஆளைக் காணவில்லை. ஜனாஸா தூக்கும் நேரத்தில் நான் தேடிப் போனால், கடை ஸ்டோரில் உட்கார்ந்து நட்டுகளை அளவு அளவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஊர் சும்மா விடுமா? கல்நெஞ்சக்காரன் என்றது. பொய் சொல்வானேன், எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது.

றஸ்னா காதியாரிடம் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்தாள். சமாதானம் பேசப் போனேன்.

"காக்கா, இது நோய் வருத்தம் எண்டா நான் பொறுப்பன். திமிர் எண்டா எனக்கு ஏலா," என்றாள். "ஒரு டொக்டர்ட கடிதம் கொண்டு வரட்டும். நான் மனுவ வாபஸ் வாங்குறன்."

ஓட்டிசம் என்ற சொல் மச்சானுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஃபோனில் வாசித்து, தனக்குப் பொருந்தியதையெல்லாம் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பதினோரு பில். அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக்குக்குப் போய், சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாராம். "புள்ள எங்க?" என்று தாதி கேட்டாளாம். "நான்தான்," என்றாராம். சுற்றியிருந்த தாய்மார் சிரித்தார்கள் என்று எங்களிடம் சொன்னார். ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

வயதுவந்த ஆட்களைச் சோதித்துப் பார்ப்பதென்றால் கொழும்பில் தனியாரிடம்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு மாதம் காத்திருந்து ஒரு நாள் கிடைத்தது. தாயையும் அழைத்து வரச் சொன்னார்கள். இது சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டுமாம், அதைச் சொல்லத் தாயைவிட ஆள் யார்? டொக்டர் சிங்களப் பெண். நான் இங்கிலீஷ் படிப்பிக்கிறவன் என்பதால் மொழிபெயர்க்கக் கூடவே போனேன்.

தாய் வருகிறார் என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. மாமி வாயைத் திறந்தால் மகனின் சின்ன வயதுக் கதைதான். நாலு வயதுவரை ஒரு சொல் பேசவில்லை, பேசத் தொடங்கியதும் பஸ் போர்டுகளை வாசித்தான். சட்டைக் கழுத்து குத்துகிறது என்று மூன்று பெருநாளுக்குப் பழைய சட்டையே போட்டான். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழேதான் கிடப்பான். விருந்தாளி வந்தால், மச்சான் எழுந்து வெளியே போன பிறகு, இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்று மாமி புது அபாயா போட்டு, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போகிற கோலம் அது.

"எத்தனை வயதில் பேசினார்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு வயசில. மணி மணியாக் கதைப்பான்."

"மற்றப் பிள்ளைகளுடன் விளையாடுவாரா?"

"ஓம், எல்லாரோடயும் நல்ல வாரப்பாடு. ஒரு கொறையும் இல்லாத புள்ள."

கலியாணம் பேச வந்தவர்களுக்கு மகனைப் பற்றிச் சொன்ன பதில்கள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் தந்த வீட்டில் ஆறு வருடமாகச் சோறு தின்கிறவன் நான். சொன்னதைச் சொன்னபடி இங்கிலீஷில் சொன்னேன். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டொக்டர் என்னைக் கேட்டபோதும் இல்லை என்றேன். அந்த இல்லையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டொக்டர் மச்சானிடமும் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்ல. உம்மா பொய் சொல்ல மாட்டா," என்று மச்சான் சொன்னார். பதினோரு பில்களையும் மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.

சிறுவயதில் அடையாளம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, ஆகையால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று கடிதம் வந்தது. மறுபடி பார்ப்பதென்றால் ஆறு மாதம். காதியார் வழக்கை விசாரிக்கும் தவணை மூன்று கிழமையில். நான் மாமியிடம் சத்தம் போட்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக.

"எழுத்தில வந்தா அது அழியுமா மகன்? பைத்தியம் எண்டு ஊர் சொல்லும். றஸ்னா உட்டா வேற ஆர் அவனுக்குப் பொண்ணு தருவா?" என்றார். மகனைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

மச்சான் அந்தக் கடிதத்தைப் பலமுறை வாசித்தார். அதன் பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஃபேனை நிறுத்துவதையும் விட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்.

தவணை அன்று கடிதத்தை அவரே காதியாரிடம் நீட்டினார். றஸ்னா எதிரே இருந்தாள், நானும் மாமியும் பின்னால் இருந்தோம்.

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல," என்றார் மச்சான். "சின்ன வயசில நல்ல புள்ளயாத்தான் இருந்திரிக்கன். பொறகு நானாத்தான் கெட்டுப் போயிரிக்கன். றஸ்னாவில பிழை இல்ல. அவ கேக்கறதக் குடுங்க."

றஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். மாமி எழுந்துவிட்டார்.

"இல்ல, நான்தான் டொக்டருக்குப் பொய் சொன்னன். நாலு வயசு மட்டும் இவன் வாயே திறக்கல்ல. ஒரு புள்ளையோடயும் சேரல்ல. அல்லாஹ்க்காக நம்புங்க."

காதியார் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். இப்படிக் கடைசி நேரத்தில் அழுகிற தாய்மாரை அவர் நிறையக் கண்டிருப்பார். நான் எழுந்து, மாமி சொல்வது உண்மை என்றேன். மச்சானின் மச்சான் வேறு என்ன சொல்வான் என்பதுபோல் என்னை இருக்கச் சொன்னார்.

மச்சான் தாயின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உம்மா, எனக்காகப் பொய் சொல்ல வேணாம்," என்றார்.

காதியார் எழுதத் தொடங்கினார்.