இருட்டுப் படத்தில் ஒரு கோடு

ஸ்டுடியோக்காரரை எல்லோரும் ‘ஒட்டு மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். மூடிய கண்ணைத் திறந்து வைப்பார். மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி நட்டுவிடுவார். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. படம் எடுப்பது மனைவி, கம்ப்யூட்டரில் அதற்கு மெருகேற்றுவது அவர். இருபது வருஷமாக அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார், நானூறு மீட்டர் ஓட்டம் நடந்த அந்தச் சாயங்காலம் வரைக்கும்.

முதலில் வருபவளுக்கு மட்டும் விளையாட்டு விடுதியில் இடம். அவருடைய மகளும் தையல்காரம்மாவின் மகளும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி கோட்டைத் தாண்டினார்கள். மூன்று நடுவர்கள், மூன்று மாதிரி சொன்னார்கள். கோட்டுக்கு நேராக உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்த மனைவியை மைதானமே மொய்த்துக்கொண்டது.

கேமராவில் பார்த்தால் ஒரே கறுப்பு. மதிய வெயிலுக்கு வைத்த அளவை, மேகம் மூடிய பிறகு மாற்ற மறந்திருந்தாள்.

“மண்டபத்துக்குள்ள போனா கை தானா மாத்தும். வெளியில தோணவே இல்லைங்க,” என்றாள், அழாத குறையாக.

ஒட்டு மாமாவுக்கோ உள்ளங்கை பரபரத்தது. கேமரா உள்வாங்கிய வெளிச்சம் முழுவதும் அந்த ஃபைலுக்குள் பதுங்கியிருக்கும். கூட்டினால் எழுந்து வரும். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். தையல்காரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“செத்துப்போன எங்க மாமனாரையே பேத்தி பக்கத்துல உக்கார வெச்ச ஆளு நீங்க. சொந்தப் பொண்ண ஒரு சாண் முன்னாடி தள்ள மாட்டீங்களா?”

கூட்டம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தாத்தாவைப் படத்தில் ஒட்டிக் கொடுத்தது அவரேதான். இப்போது இருட்டுக்குள்ளிருந்து என்ன வந்தாலும் யார் நம்புவார்கள்? தண்ணீர் பாட்டிலோடு தள்ளி நின்ற மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு லேப்டாப்பை அப்படியே தையல்காரம்மா பக்கம் திருப்பிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

“திரையில இருக்கிற இந்தப் பட்டைய நீங்களே இழுங்கக்கா. இது வெளிச்சத்தக் கூட்டும், குறைக்கும், அவ்ளோதான். ஆள நகத்தாது.”

ஊசி குத்திக் காய்த்த விரல் மெதுவாக இழுத்தது. முதலில் வெள்ளைக் கோடு வந்தது. அப்புறம் நான்கு ஷூ. அப்புறம் புள்ளி புள்ளியாக இரண்டு முகம், பல்லைக் கடித்துக்கொண்டு. பின்னால் நின்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். தையல்காரம்மா மறுபடியும் இருட்டாக்கினாள், மறுபடியும் இழுத்தாள். மூன்று தடவை. இந்த வேலையை ஆயிரம் முறை செய்த ஒட்டு மாமா, இன்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

தையல்காரம்மா திரையில் விரலை வைத்து, துணி அளப்பதுபோல் அளந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அரை இஞ்சு. உங்க பொண்ணுதான்.”

மகள் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மனைவி கேமராவோடு அவர்மேல் சாய்ந்தாள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் தையல்காரம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்கும் இதுல ஒண்ணு போட்டுக் குடுங்க. எம் பொண்ணு எப்படி ஓடியிருக்கா பாருங்க. அவ பருவெல்லாம் எடுக்காதீங்க, என்ன? எதையும் தொடாதீங்க.”