இருநூற்று ஏழு

"யாரும் தொடவே இல்ல சார், அதுவா போயிடுச்சு."

ஃபோன் பழுது பார்க்கப் போகும் இடத்தில் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிட்லபாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாவும் அன்று அதையே சொன்னார்.

மாடியில் கடைசி அறை ஃபோன் அடிக்கவில்லை. அந்த அறைப் பெரியவரின் மனைவிக்கு அன்று குரோம்பேட்டையில் அறுவை சிகிச்சை, வயிற்றில் கட்டி. இவர் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாதவர் என்பதால் மகள் மட்டும் கூடப் போயிருந்தாள். முடிந்ததும் கூப்பிடுவாள். செல்போனில் பேசினால் இவருக்குக் காதில் ஏறாது. சத்தம் கூட்டி வைத்த இந்த ஃபோன் ஒன்றுதான் கதி.

"காலைலேர்ந்து அதையே பாத்துட்டு உக்காந்திருக்கார் சார். சாப்பாடுகூட அப்படியே கெடக்கு."

இந்த ஃபோன்கள் ஒவ்வொன்றும் தன் எண்ணையும் கடவுச்சொல்லையும், அழைப்புகளை இணைத்துவிடும் கணினியான சர்வரிடம் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். அது ஏற்றுக்கொண்டால்தான் மணி அடிக்கும். கீழே அலுவலகத்தில் சர்வரைத் திறந்து பார்த்தேன். 207 என்று ஒரு ஃபோன் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஓர் எண்ணே இங்கே கிடையாது என்று சர்வரும் விடாமல் விரட்டிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கும் அதன் ஃபோனுக்கும் எண் 206. தொடவே இல்லையாம்!

கோபத்தோடுதான் மாடி ஏறினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் தம்பி மாத்தினேன். ரெண்டும் ஆறும் எட்டு இல்லையா? வந்த நாள்லேர்ந்து அவ எட்டு வேணாம், ரூமை மாத்துங்கன்னு சொல்லிட்டே இருந்தா. நான் கிண்டல் பண்ணியே வாயை அடைச்சிட்டேன். இன்னைக்கு அவளை அழைச்சிட்டுப் போனப்புறம் மனசு கேக்கல. ரூமைத்தான் மாத்த முடியல, ஃபோன் மெனுல போய் ஆறை ஏழாக்கிட்டேன்."

"உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா சார்?"

"துளிகூடக் கிடையாது."

பழைய எண்ணைத் திரும்பப் போட அரை நிமிடம் போதும். பட்டன் வரை போன விரலை எடுத்துக்கொண்டேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது. கீழே இறங்கிப் போய், அதே கடவுச்சொல்லோடு சர்வரில் 207 என்று புதிதாக ஓர் எண்ணை உண்டாக்கினேன். அந்த அறைக்கு வரும் அழைப்பை இனி இதற்கு மாற்றிவிடும்படி பொறுப்பாளரிடம் சொன்னேன். ஃபோன் உடனே பதிந்துகொண்டது.

வேலை முடிந்தும் தாம்பரத்துக்குக் கிளம்ப மனம் வரவில்லை. மாடிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் மணி அடித்தது. மகள் பேசியது எனக்கே கேட்டது.

"நல்லபடியா முடிஞ்சுதுப்பா. அம்மா முழிச்சிட்டாங்க, இருங்க, குடுக்கறேன்."

மெலிந்த குரல் ஒன்று வந்தது. "சாப்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு," என்று கூசாமல் பொய் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம ஃபோன் நம்பரை மாத்திட்டேன்டி. இருநூத்தி ஏழு. கூட்டினா ஒம்பது."

அந்தப் பக்கம் மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. இவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"சிரிக்காதடி," என்றார். "தையல் பிரிஞ்சிடப் போகுது."