பிச்சையின் கொல்லையில் விழுந்த கல்

தூக்குவாளியை நகர்த்தி வைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. சூசைராஜ், இரும்பைக் கண்டால் கத்தும் அந்தக் கருவியின் வட்டத்தை மறுபடி கல்குவியலுக்கு மேலே கொண்டுபோனார். கீச்சென்று கத்தியது.

கடலை பறிக்கும்போது அகப்படும் கற்களைக் கொல்லை மூலையில் எறிந்துவிடுவது வழக்கம். பதினேழு நாளாக அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு, பிச்சையின் இரண்டு ஏக்கர் மண்ணையும் தடவிக்கொண்டிருந்தார். கிடைத்ததெல்லாம் லாடம், உடைந்த கொழு, பீர் பாட்டில் மூடி. செம்புறாங்கல்லுக்கும் சில சமயம் கருவி முனகும். வானத்திலிருந்து கல் விழுந்த நான்காம் நாளே பெண்கள் கடலை பறித்திருந்தார்கள். அதையும் அவர்கள் குவியலில் எறிந்திருப்பார்கள் என்று அவர் யோசிக்கவேயில்லை.

வரப்பில் போன சொர்ணவல்லி நின்றாள். "என்ன சூசையண்ணே, புதையல் கெடச்சா எனக்கு ஒரு ஒட்டியாணம்."

"ஒன் இடுப்புக்கு அந்தப் புதையல் பத்தாது ஆத்தா, போ."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வட்டத்தின் மேல் காட்டினார். பதினோராவது கல் கத்தியது. தேங்காய் மூடி அளவுதான் இருந்தது, ஆனால் கை இறங்கியது. கறுப்புத் தோல். ஈரக் களிமண்ணில் பெருவிரலால் அமுக்கியதுபோல் குழிகள்.

பங்குனியில் ஒருநாள், விளக்கு வைக்கும் நேரத்தில் வானம் வெள்ளையாக எரிந்தது. பின்னாலேயே இடி. ஆலங்குடி வரைக்கும் கதவுகள் அதிர்ந்தன. சற்று நேரத்தில் பிச்சையின் மாட்டுக்கொட்டகை எரிந்தது. இரண்டு மாடுகள் கட்டின கயிற்றோடு கருகின. ஒன்று சினை. ஊரே வாளியோடு ஓடியது. சூசைராஜின் மகன் சார்லஸ் மட்டும் வரவில்லை. இவர் திரும்பி வந்தபோது அவன் படுத்திருந்தான். அவன் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

முந்தின வாரம்தான், கொட்டகைக்குள் குடித்துக்கொண்டிருந்தவனை வெளியே இழுத்துப்போட்டு, நாலு பேர் முன்னால் பிச்சை செருப்பால் அடித்திருந்தார். "கொளுத்துறேனா இல்லையா பாரு" என்று சார்லஸ் கத்தியதை எல்லோரும் கேட்டார்கள். இப்போது புதுக்கோட்டையில் ஜெயிலில் இருக்கிறான்.

சூசைராஜ் பிச்சையிடம் போய் நின்றார். "வானத்துலேருந்து வந்த நெருப்புண்ணே. எம்புள்ள செய்யல."

பிச்சை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "கல்லக் கொண்டாய்யா. படிச்சவுக ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும். ஸ்டேஷன்ல நானே எழுதிக் குடுக்குறேன். செய்யாதவன உள்ள வச்ச பாவம் எனக்கு வேணாம்."

அதற்குத்தான் ஆலங்குடி பழைய இரும்புக் கடையில் கருவியை இரவல் வாங்கியது.

கல்லைத் துண்டில் முடிந்துகொண்டு, மத்தியானமே ஆலங்குடி பள்ளிக்கூடத்துக்குப் போனார். அறிவியல் எடுக்கும் ரம்யா டீச்சர் காந்தத்தை வைத்தார். ஒட்டியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சு இது மேலேருந்து வந்ததுதாங்க. அரசாங்கத்துக்குச் சொல்லணும்."

"ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க டீச்சர்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சூசைராஜ் அதை மடித்துப் பையில் வைத்தார். அப்படியே போயிருக்கலாம்.

"விழுறப்ப கங்கு மாதிரி இருந்திருக்கும்ல?"

"இல்லைங்கய்யா. மேல எரியிறதோட சரி. இத்தனூண்டு கல்லு கீழ வர்றதுக்குள்ள ஆறிப்போயிரும். விழுந்த ஒடனே கையில எடுக்கலாம்."

"வைக்கோலு?"

"தீ புடிக்காதுங்க." டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க கேக்குறீங்க?"

"சும்மாதான்."

வீட்டில் மனைவி அருளம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்லையும் காகிதத்தையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். சூசைராஜ் நின்றுகொண்டே கேட்டார்.

"அன்னைக்கு அவஞ் சட்டைய எதுக்குத் தொவச்ச?"

முறம் நின்றது.

"அழுக்கா இருந்துச்சு" என்றாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பிச்சை ஆலங்குடி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். காகிதத்தை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கல்லைக் கையில் வாங்கினார். "இத்தினிக்கூண்டு ரெண்டு உசுரத் தின்னுருச்சே" என்றார். சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, "தம்பியத் தப்பா நெனச்சுட்டேன்யா" என்று சூசைராஜின் தோளைத் தொட்டார். சார்லஸ் வெளியே வர நாலைந்து நாளாகும் என்று வக்கீல் சொன்னார். சூசைராஜ் கருவியைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். கல்லை டீச்சரிடம் கொடுத்தார். மூன்றரை மணி பஸ்ஸில் ஊருக்கு வந்தார். பிச்சையின் இடத்தில் புதுக் கொட்டகைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவாக இருந்தது. சூசைராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், நட்ட தூணை மண் தள்ளி முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.