உடைந்தால் யாருக்கு ஏசுவது?

எங்கள் ஆய்வுகூடத்தில் ஆறு சர்வர்கள் இருக்கின்றன என்று எட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். வந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். கண்டி நகரில் மூன்றாம் மாடியில், முன்பு கோப்பை கழுவும் இடமாக இருந்த ஒரு சிறிய அறையில் அது உறுமிக்கொண்டிருக்கிறது. கழுவுதொட்டியை இன்னும் அகற்றவில்லை. என் வற்புறுத்தலின் பேரில் குழாயை மட்டும் அடைத்தார்கள்.

மற்ற ஐந்தும் எங்கே என்று முதலாளி ஒருமுறை கேட்டார். அக்குறணைக்காரர், ஹாஜியார், எழுபதைத் தொட்டவர். இரும்புக்கடை வைத்திருந்துவிட்டு இரத்தப் பரிசோதனைத் தொழிலுக்கு வந்தவர். ஐம்பத்திரண்டு வயதான என்னைத் 'தம்பி' என்றழைக்கும் கடைசி மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

"தோட்டத்து லயம் மாதிரிங்க ஹாஜியார். ஒரே கூரை, ஆறு காம்பரா. ஒவ்வொன்னுலயும் ஒரு குடும்பம். ஒரு காம்பராவுல சண்டை நடந்தாலும் அடுத்ததுல சோறு வேகும்."

"கடைத்தொகுதி எண்டு செல்லுங்களேன் தம்பி. இதுக்கு எதுக்கு தோட்டத்துக்குப் போற?"

அன்றோடு அது கடைத்தொகுதியானது. ஒரு கடையில் நோயாளிகளின் பதிவுகள், ஒன்றில் பரிசோதனை இயந்திரங்கள் அனுப்பும் எண்கள், இன்னொன்றில் கம்பளை, கடுகண்ணாவை, அக்குறணைக் கிளைகள் அறிக்கை எடுக்கும் வாசல். கடைகளுக்கு இடையே சுவர் எழுப்பித் தரும் மென்பொருளைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். இந்த வருடம் அதை விற்பவர்கள் விதியை மாற்றினார்கள். ஒருமுறை வாங்கினால் போதும் என்பது போய், வருடா வருடம் கட்ட வேண்டும் என்றானது. அதுவும் எங்களைப் போல நாலு மடங்கு பெரிய நிறுவனத்துக்கு வெட்டிய சட்டை. எங்கள் அளவுக்கு வெட்டித் தரமாட்டார்களாம்.

அதே மாதத்தில் எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். சர்வரைச் சாட்டி இரண்டு முறை தள்ளிப் போட்டிருந்தேன். உண்மைக் காரணம் கத்திப் பயம். சர்வர் பாவம், வாய் திறந்து மறுக்காது. இம்முறை தள்ள முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆறு கிழமை ஓய்வு, மாடிப்படி ஆகாது. நான் படுத்திருக்கும் நாட்களில் அந்த ஒற்றைப் பெட்டி நின்றுபோனால் எட்டு வருட அறிக்கைகளை யார் எழுப்புவது? கம்பளையில் காலையில் இரத்தத்தில் சீனி பார்க்க வருபவருக்குப் போன வருடத்து எண்ணும் பக்கத்தில் இருந்தால்தான் அவருடைய டொக்டர் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பார். கேள்வி அதுதான். மென்பொருள் எது என்பது அதற்குப் பிறகு.

"தம்பி, சும்மா கெடைக்கிற ஒண்டு ஈக்கிதாமே? மருமகன் செல்றார்."

"ரெண்டு வகை இருக்குதுங்க."

"ரெண்டும் சும்மாவா?"

"ரெண்டும் சும்மாதான். ஒன்னு கொஞ்சம் கூடுதலா சும்மா."

முதல் வகை, காசுக்கு விற்பவர்களே கொடுக்கும் இலவசப் பதிப்பு. சுவர் எழுப்பும், கடை நடக்கும். ஆனால் கடையைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும் மென்பொருள்களுக்கு மட்டும் கதவைத் திறக்காது. இரண்டாவது, ஊர் உலகத்தில் பலர் சேர்ந்து திறந்த கதவோடு எழுதியது. எல்லாக் கதவும் திறந்திருக்கும். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், உங்களிடம் செல்லுபடியான சந்தா இல்லை என்று ஒரு சிறு பெட்டி தோன்றும். 'சரி' என்று அழுத்தினால் மறைந்துவிடும். கலியாண வீட்டில் வெறுங்கையோடு பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து யாரோ மெதுவாக இருமுவது போல. பரீட்சித்துப் பார்த்த இரண்டு மாதத்தில் அந்த இருமலை நூறு தரமாவது கேட்டிருப்பேன். பந்தியை விட்டு எழும்பவில்லை.

ஒரே தாளில், தமிழில், அட்டவணையாகக் கொடு என்றார் ஹாஜியார். நான் புத்தகம் வாசிக்கிறவன். இப்படிப்பட்ட வேலைகளில் அதுதான் இடைஞ்சல். நல்ல தமிழ்ச் சொல் தேடி ஒரு பின்னேரத்தைச் செலவழித்தேன். 'உதவி' என்ற வரிசையில் காசுப் பதிப்புக்கு 'தொலைபேசி, நாள் முழுவதும்' என்று எழுதினேன். திறந்த கதவுப் பதிப்புக்கு 'சமூகம்' என்று ஒரே சொல். எனக்கே பெருமையாக இருந்தது.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.

"எந்தச் சமூகம் தம்பி? எங்கடயா, ஒங்கடயா?"

பக்கத்தில் மிஸ் இருந்தார். ஆய்வுகூடத்தின் தலைமைத் தொழில்நுட்பவியலாளர், யாழ்ப்பாணத்தவர். பரிசோதனைக் குழாயில் பெயர் கோணலாக ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுபவர். அவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"சமூகமளிப்பினம் எண்டோ அண்ணை எழுதியிருக்கிறியள்? அப்ப ஆரோ நேர வருவினம். நல்லதுதானே."

இந்த நாட்டில் அந்தச் சொல்லை அவ்வளவு வெறுமையாக எழுதியிருக்கக்கூடாது. தேர்தல் மேடையில் அதற்கு ஓர் அர்த்தம். பெற்றோர் தவறாது சமூகமளிக்கவும் என்று பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தில் வேறோர் அர்த்தம். நான் நினைத்த அர்த்தம் இரண்டிலும் இல்லை. உலகத்தின் ஏதோ மூலைகளில் இருந்துகொண்டு, முன்பின் தெரியாதவன் இணையத்தில் போடும் கேள்விக்கு ஓய்வு நேரத்தில் பதில் எழுதும் ஆட்கள் என்று விளக்கினேன்.

"அவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"ஒன்னும் இல்லீங்க."

"யாரெண்டு தெரியுமா?"

"தெரியாதுங்க."

ஹாஜியார் தாளை மடித்தார். "அப்ப ஒரு விஷயம் செல்லுங்க. உடைஞ்சா யாருக்கு ஏசுற?"



வீட்டுக்குப் போகும் பஸ் பேராதனையில் வழக்கமான நெரிசலில் நின்றபோது அதையே யோசித்தேன். காசுப் பதிப்பின் தொலைபேசி உதவியை எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அழைத்திருக்கிறேன். எங்கிருந்தோ ஒரு குரல், மிக மரியாதையாக, இலக்கம் கேட்டது, பதிவுக் கோப்புகளை அனுப்பச் சொன்னது, நாளைக்குப் பேசுவதாகச் சொன்னது. அதற்குள் காற்றாடியில் தூசு அடைத்திருந்ததை நானே கண்டுபிடித்துத் துடைத்துவிட்டேன். மறுநாள் எங்கள் சேவை திருப்தியா என்று ஒரு படிவம் வந்தது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத குடும்பத்தில் பிறந்தவன். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

ஆக, நாங்கள் வாங்கி வைத்திருந்தது உதவியை அல்ல, ஏசுவதற்கான உரிமையை. அதையும் யாரும் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் ஏசுவதற்கு நான் பக்கத்திலேயே இருந்தேன்.

சந்தாப் பெட்டி காட்டும் அந்த இரண்டாவது பதிப்பைத்தான் என் மனம் ஏற்கெனவே எடுத்திருந்தது. இலவசம் என்பதால் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மறுபாதி, அந்த இணைய மன்றத்தில் வாசித்த ஒரு பதில். வட்டு பழுதான யாரோ ஒருவருக்கு, யாரோ ஒருவர் ஆறு பந்தி எழுதி வழி சொல்லி, கடைசியில், சரிவந்ததா என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அதன்கீழ் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தவன் போய்விட்டான். அப்படிப் போனவர்களில் நானும் பல தடவை ஒருவன். விலை கொடுத்து வாங்கியிருந்தால் பில்லோடு கணக்குத் தீர்ந்திருக்கும். சும்மா வாங்கியதில், சரிவந்தது என்ற ஒரு வரி மட்டும் பாக்கி நிற்கிறது, அதைக் கேட்டு யாரும் கடிதம் போடுவதுமில்லை.

ஆனால் இதையெல்லாம் ஹாஜியாரிடம் சொல்ல முடியாது. அடுத்த நாள் மிஸ்தான் வழி சொன்னார்.

"எது நல்லம் எண்டு எனக்கு விளங்காது. நீங்கள் இல்லாத நேரம் அது விழுந்தால் நான் எழுப்பேலுமோ? எழுப்பேலும் எண்டால் சரி. இல்லையெண்டால் நீங்கள் ஒப்பரேசனுக்குப் போகேலாது, அவ்வளவுதான்."

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று ஆய்வுகூடம் பூட்டு. அன்று காலையில் பரீட்சை. பழைய பெட்டியை உண்மையாகவே நிறுத்துவது, திறந்த கதவுப் பதிப்பை நான் ஏற்றிப் பரீட்சித்த இரண்டாவது பெட்டியில் பிரதிகளிலிருந்து ஆறு கடைகளையும் எழுப்புவது. செய்வது மிஸ். கையில் நான் எழுதிய இரண்டு பக்கம். ஹாஜியார் தின்ன ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, என்னை ஒரு கதிரையில் உட்காரவைத்துச் சட்டம் போட்டார்.

"நீங்க இப்ப ஆஸ்பத்திரியில. மயக்க ஊசி போட்டாச்சி. வாயத் தொறக்கப் படாது."

மிஸ் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்துச் செய்தார். ஆறாவது வரி வரை எல்லாம் ஒழுங்கு. ஏழாவதில் நின்றார்.

"'வழக்கம்போல் உள்நுழையவும்.' ஆரின்ர வழக்கம் அண்ணை?"

நான் வாயைத் திறந்தேன்.

"மயக்கம்!" என்றார் ஹாஜியார், ரோல்ஸைக் காட்டி.

மிஸ் தனக்குத் தெரிந்த கடவுச்சொற்களை எல்லாம் போட்டுப் பார்த்தார். பூட்டிக்கொண்டது. திரையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது, பரிசோதனைக் குழாயில் கோணலாக ஒட்டிய பெயரைப் பார்க்கும் அதே பார்வை. எட்டு வருட அறிக்கைகள் ஓரடி தூரத்தில், பத்திரமாக, யாருக்கும் எட்டாமல் கிடந்தன. காசுப் பதிப்போ இலவசப் பதிப்போ, பூட்டு என் தலைக்குள் இருந்தது. எழுதும்போது எனக்கு அது மறைப்பாகத் தோன்றவில்லை. வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்று யார் எழுதி வைப்பார்கள்?

"பெயில்," என்றார் ஹாஜியார். "இப்ப மயக்கம் தெளிஞ்சிட்டு. யாருக்கு ஏசுற எண்டு எனக்கு விளங்கிட்டு தம்பி."

ஏசவில்லை. ஒரு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஏசியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வரை அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பி எழுதினேன். ஏழு பக்கமானது. என்னைப் பற்றி எழுதியதிலேயே மிக நேர்மையானது அதுதான் என்று நினைக்கிறேன். நான் செய்யும் ஒவ்வொரு குறுக்கு வழியும், பயந்து தொடாமல் விட்ட ஒவ்வொரு அமைப்பும் அதில் வந்தது. கடவுச்சொற்களை உறையிலிட்டு ஹாஜியாரின் அலுமாரியில் வைத்தோம். இரண்டாம் பரீட்சையில் மிஸ் ஆறு கடைகளையும் எழுப்பினார். நான் பேசியது தும்மல் மட்டும்.

திறந்த கதவுப் பதிப்பே முடிவானது. ஹாஜியார் அதிலும் ஒரு திருத்தம் போட்டார். அந்தப் பதிப்புக்குச் சிறிய வருடச் சந்தா ஒன்று உண்டு என்று கேட்டறிந்து, அதைக் கட்டச் சொன்னார். உதவிக்காகவா என்று கேட்டேன். "எப்பயும் சும்மா திண்டா செமிக்காது தம்பி," என்றார்.

சத்திரசிகிச்சை முடிந்து பத்தாம் நாள், நான் வீட்டில் தலையணை முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தபோது மிஸ் தொலைபேசியில் வந்தார். நலம் விசாரித்தார். சோறு சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.

"சர்வர் எப்படி?" என்றேன்.

"அது செவ்வாய்க்கிழமை நிண்டது. கரண்ட் போய் வந்ததோட பழைய பெட்டி எழும்பேல்லை. மற்றதில எழுப்பிப் போட்டன்."

அன்று வெள்ளிக்கிழமை.

"மூனு நாளாச்சே மிஸ். எனக்குச் சொல்லவே இல்லையே!"

"சொல்லி என்ன செய்ய? கம்பளைக்குப் பத்து மணிக்கு முன்னம் ரிப்போர்ட் போயிட்டுது. நீங்கள் படியேறி வந்து தையலைப் பிரிச்சிருப்பியள்."

எனக்கு நிம்மதி வந்தது. அதே அளவு மனத்தாங்கலும் வந்தது. ஏதாவது பிழை வந்ததா என்று கேட்டேன், வந்திருக்க வேண்டும் என்ற ஆசையோடு.

"ஐஞ்சாம் பக்கத்தில ரெண்டு வரி மாறிக் கிடந்தது. வெட்டி எழுதிப் போட்டன். வந்து பாருங்கோ. அவசரமில்லை."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தையல் இழுக்காதபடி மெதுவாகத் திரும்பிப் படுத்தேன். இன்னும் நாலரைக் கிழமை ஓய்வு மிச்சமிருந்தது. அதை எடுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இனி என்னிடம் இல்லை.